இடைநிற்றல்: ஒன்பதாம் வகுப்பில் பள்ளியின் பிடி ஏன் நழுவுகிறது?

2023 மார்ச் 13. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழித்தாள். தேர்வுக்குப் பதிவு செய்திருந்தவர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று வரவில்லை. ஒரே நாளில் இத்தனை பேர் எங்கே போனார்கள் என்று செய்திகள் கேட்டன. சட்டமன்றத்திலும் பேசப்பட்டது.

அவர்களில் பெரும்பாலோர் அன்றைக்குப் போனவர்கள் அல்லர். கொரோனா காரணமாக 2020-21இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்ட மாணவர் தொகுப்பு அது. வழக்கமாகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் நின்றுபோகிறவர்களும் அந்த ஆண்டு பிளஸ் ஒன்னில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குள் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள். 2022இல் நடந்த பிளஸ் ஒன் தேர்வையும் எழுதவில்லை. பிளஸ் ஒன்னில் தேர்ச்சி இல்லாவிட்டாலும் அரியருடன் பிளஸ் டூவுக்குப் போகலாம் என்பதால், ஆள் வராமலே பெயர் மட்டும் அடுத்த வகுப்புக்கு நகர்ந்தது. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒன்று 2023 மார்ச்சில் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தைப் புரிந்துகொண்டால் இடைநிற்றலில் பாதி புரிந்துவிடும். பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும் நாள் ஒன்று, அது கணக்கில் ஏறும் நாள் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களில்தான் பிள்ளையை மீட்க வாய்ப்பு இருக்கிறது. அந்த மாதங்களை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் சொற்களும் எண்களும்

ஓர் ஆண்டு ஒரு வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு மறு ஆண்டில் மூன்று நிலைகள்தான் உண்டு. அடுத்த வகுப்புக்குப் போயிருக்கலாம், அதே வகுப்பில் மறுபடி இருக்கலாம், எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லாமல் போயிருக்கலாம். இந்த மூன்றாவது வகையினரின் சதவீதமே இடைநிற்றல் வீதம். மத்தியக் கல்வி அமைச்சகம் யுடைஸ் பிளஸ் என்ற கணக்கெடுப்பின் வழியாக இதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் தங்கள் மாணவர் விவரத்தை எமிஸ் என்ற மாநில அரசின் கல்வித் தகவல் தளத்தில் ஏற்றுகின்றன.

செய்திகளைப் படிக்கும்போது குழப்பம் வரும் இடங்கள் மூன்று.

1. ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் உலவுகின்றன. 2023-24இல் இந்திய அளவில் இரண்டாம் நிலைக் கல்வியின் இடைநிற்றல் 14.1 சதவீதம் என்று முதலில் வெளியானது. அதே ஆண்டுக்கு 10.9 சதவீதம் என்று அடுத்த அறிக்கை சொன்னது. இரண்டுமே அரசின் எண்கள்தான். முதலாவது 9, 10ஆம் வகுப்புகளை மட்டும் கொண்டது. இரண்டாவது, புதிய கல்விக் கொள்கையின் பிரிப்பைப் பின்பற்றி 9 முதல் 12 வரை சேர்த்துப் பார்த்தது. 2024-25க்கு வந்த 8.2 சதவீதத்தை 10.9 உடன் ஒப்பிடலாம். 14.1 உடன் ஒப்பிட்டு 'பாதியாகக் குறைந்தது' என்று எழுதினால் தவறு.

2. இது ஓர் ஆண்டின் இழப்பு. 8.2 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் நுழைந்து ஆண்டுக்கு 8.2 சதவீதம் குறைந்துகொண்டே போனால், முதல் ஆண்டு முடிவில் 92, பிறகு 84, பிறகு 77, நான்காம் ஆண்டு முடிவில் 71 பேர்தான் மிஞ்சுவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வகுப்புவரை வந்தார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வீதம், அதே 2024-25 அறிக்கையில், இரண்டாம் நிலைக்கு 47.2 சதவீதம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பக்கம் போனவர்கள் பள்ளிக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

3. தேர்ச்சி சதவீதம் இடைநிற்றலைக் காட்டாது. 2025இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். தேர்வு எழுதியவர்களை மட்டும் கொண்டு போட்ட கணக்கு இது. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளைக்கு இதில் இடமில்லை.

வயது வாரியாகப் பார்த்தால் சரிவு எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் தெளிவாகும். 14 முதல் 18 வயதினரிடம் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2023 ஏசர் (கல்வி நிலை குறித்த ஆண்டறிக்கை) ஆய்வில், 14 வயதில் படிப்பில் இல்லாதவர்கள் 3.9 சதவீதம், 18 வயதில் 32.6 சதவீதம்.

பதினான்கு வயதில் ஒவ்வொன்றாக எடுக்கப்படும் முட்டுகள்

ஏன் எட்டாம் வகுப்புவரை நிலைத்த பிள்ளை ஒன்பதில் தடுமாறுகிறது? பிள்ளையின் மனம் மாறுவதைத் தேடுவதற்கு முன்னால், அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். சரியும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல் இதுவரை பிடித்து நின்றவை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரிசையாக விலகுகின்றன.

1. கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 6 முதல் 14 வயதுவரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் செல்லும். அதுவரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

2. அனைவருக்கும் தேர்ச்சி. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில்தான் ஒரு பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக 'பெயில்' என்ற சொல்லைத் தன் பெயருக்கு நேராகப் பார்க்கிறது.

3. தனியார் பள்ளியின் 25 சதவீத இடம். இந்த ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் படித்துவந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். கட்ட முடியாத குடும்பம் நடுவழியில் அரசுப் பள்ளிக்கு மாற வேண்டும். அங்கே புது ஆசிரியர்கள், புது நண்பர்கள், பலருக்குப் பாடமொழியும் புதிது.

4. குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழ், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது, கலைத்துறை போன்ற சில விலக்குகள் தவிர, வேலைக்குத் தடை. 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றில் மட்டும் தடை. ஜவுளிக்கடை, ஓட்டல், பைக் பட்டறை, பந்தல் வேலை எதற்கும் சட்டத்தின் தடை இல்லை.

5. பள்ளி உணவு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், மதிய உணவு பத்தாம் வகுப்போடும் முடிகின்றன. பிளஸ் ஒன் மாணவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் பட்டினி.

இவற்றில் ஒன்றும் நான்கும் சேர்ந்து விலகுவதுதான் பெரிய ஆபத்து. பள்ளியில் இருக்கும் உரிமை முடியும் அதே வயதில் வேலைக்குச் செல்லும் அனுமதி தொடங்குகிறது. சட்டத்தைத் திருத்திய 2016இலேயே இரண்டையும் 18 வயதுக்குக் கொண்டுபோயிருக்க முடியும். அப்படிச் செய்யாததன் விலையைச் செலுத்துவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

5 வகுத்தல் 7

'படிக்கப் பிடிக்கவில்லை.' இடைநின்ற பிள்ளைகளைக் கேட்கும்போதெல்லாம் அடிக்கடி வரும் பதில் இது. கணக்கெடுப்புப் படிவங்களில் இது ஒரு காரணமாகவே பதிவாகிறது. உண்மையில் இது ஒரு விளைவு. எதனால் பிடிக்கவில்லை என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டலாம்.

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் மெய்யெண்கள் என்ற பாடம் வரும். ஒரு பின்னத்தைத் தசமமாக மாற்றி, அது முடிவுறு தசமமா, முடிவுறாச் சுழல் தசமமா என்று சொல்ல வேண்டும். 5/7 என்று கொடுத்திருக்கிறார்கள். 5ஐ 7ஆல் வகுக்க முடியாது, எனவே புள்ளி வைத்து 50 ஆக்க வேண்டும். 50இல் 7 முறை 7 போக மீதி 1. அதை 10 ஆக்கினால் 1 முறை, மீதி 3. 30இல் 4 முறை, மீதி 2. 20இல் 2 முறை, மீதி 6. 60இல் 8 முறை, மீதி 4. 40இல் 5 முறை, மீதி 5. தொடங்கிய 5 மறுபடி வந்துவிட்டது, இனி 0.714285 என்பதே சுழலும். ஆறு வகுத்தல், ஆறு கழித்தல். ஒன்பதாம் வகுப்பின் புதிய கருத்து கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆறு படிகளும் நான்காம், ஐந்தாம் வகுப்பில் வந்திருக்க வேண்டியவை.

மேலே சொன்ன ஏசர் ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 14 முதல் 18 வயதினரில் 43.3 சதவீதம்தான். இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் தடையின்றிப் படிக்க முடியாதவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அப்படிப்பட்ட பிள்ளை கரும்பலகையில் ஆசிரியர் போடும் ஆறு வரிகளையும் நோட்டில் அழகாக எழுதிக்கொள்ளும். எழுதியது ஒன்றும் புரியாது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பாடவேளைகள், ஒவ்வொன்றிலும் இதே நிலை. 14 வயதுப் பிள்ளைக்கு அதைக் கூட இருப்பவர்கள் முன் ஒத்துக்கொள்வது அவமானம். கடைசி பெஞ்சு, வம்பு, வகுப்புக்கு வெளியே நிற்பது, பிறகு லீவு என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

அனைவருக்கும் தேர்ச்சி கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது தவறான முடிவு. ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்திருந்தால் அந்தப் பிள்ளை வகுத்தல் கற்றிருக்காது, நான்கு ஆண்டுகள் முன்னதாகவே பள்ளியை விட்டிருக்கும். தேர்ச்சி கொடுத்ததில் குற்றமில்லை. தேர்ச்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஈடுகட்டும் பயிற்சி இல்லாமல் போனதுதான் குற்றம். 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்புவரை தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் தொடங்கிய திறன் திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்ததுதான். வகுத்தலே வராத பிள்ளைக்கு அன்றாடப் பாடத்தையும் ஈடுகட்டும் பயிற்சியையும் ஒரே ஆசிரியர் ஒரே பாடவேளையில் கொடுக்க முடியுமா என்பதே இதன் சோதனை.

வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தால்

பையன்கள் நிற்பதற்கான நேரடிக் காரணம் பெரும்பாலும் வேலை. ஆனால் ஒரே நாளில் பள்ளியிலிருந்து வேலைக்குப் போகும் பையன் அரிது. அது படிப்படியாக நடக்கும், அந்தப் படிகள் எல்லாம் வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லா நாளும் வருகை இருக்கும். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, அதனால் பெரிய மாற்றம் தெரியாது. ஆவணி பிறந்து முகூர்த்தம் தொடங்கியதும் திங்கட்கிழமைகளில் 'ஆ' (ஆப்சென்ட்) விழத் தொடங்கும். ஞாயிறு முகூர்த்தத்துக்குக் கேட்டரிங் வேலைக்குப் போன பையன், சனி மாலையிலிருந்து மண்டபத்தில் இலை போட்டு, பரிமாறி, பாத்திரம் ஏற்றிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பி, திங்கள் காலை எழ முடியாமல் கிடக்கிறான். ஐப்பசி, கார்த்திகையில் வார நடுவிலும் 'ஆ' வரும். அந்தத் தேதிகளை எடுத்து நாட்காட்டியோடு ஒப்பிட்டால் முகூர்த்த நாட்களாக இருக்கும். அரையாண்டுத் தேர்வில் இரண்டு தாள் எழுதாமல் விடுவான். தை முகூர்த்தத்தோடு வருவது நின்றுவிடும்.

பதிவேடு இவ்வளவையும் காட்டும்போது அமைப்பு ஏன் விழித்துக்கொள்வதில்லை? தொடர்ந்து 30 வேலை நாட்கள் வராதவரைத்தான் இடைநின்றவராகக் கொண்டு தேடுகிறார்கள். 'தொடர்ந்து' என்ற சொல்லில்தான் ஓட்டை. வாரத்துக்கு இரண்டு நாள் வராத பையனுக்கு, 220 வேலை நாட்கள் கொண்ட ஆண்டில், ஏறக்குறைய 88 நாட்கள் போய்விடும். பாடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவன் மூன்று நாள் வந்துவிடுவதால் அந்த 30 நாள் கணக்கு மறுபடி மறுபடி பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் ஏறாது.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், மாதம் எட்டு நாள் வேலைக்கு 4,000 ரூபாய். 9, 10ஆம் வகுப்பில் படிக்கும் பட்டியலின மாணவருக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்து போகிறவராக இருந்தால், மத்திய உதவித்தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாய். ஏழு நாள் கூலி. கடனுக்கு வட்டி கட்டும் வீட்டில் இந்தக் கணக்கைப் பெற்றோர் போடாவிட்டாலும் பையன் போட்டுவிடுவான். அப்பா இறந்த வீடு, குடியில் விழுந்த வீடு, தாய் மட்டும் உழைக்கும் வீடு என்றால் 'நான் பார்த்துக்கிறேன்மா' என்று அவனே முன்வருவான். பெற்றோரின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் அம்மா அழுது தடுத்தும் பையன் போயிருக்கிறான்.

முன்பணமும் பருவமும்

செங்கல் சூளை, கரும்பு வெட்டு, காபித் தோட்டம் என்று குடும்பமாகப் போகிறவர்களின் நிலை வேறு. சூளை வேலை மழைக்குப் பிறகு தொடங்கி ஜூன்வரை ஓடும். பள்ளி ஆண்டு ஜூன் முதல் ஏப்ரல்வரை. முன்பணம் வாங்கிய குடும்பம் தை மாதத்தில் கிளம்பினால் பிள்ளை ஆண்டுத்தேர்வை இழக்கிறது. எட்டாம் வகுப்புவரை இது தேர்ச்சியைப் பாதிக்காது. ஒன்பதில் தேர்வு எழுதாவிட்டால் அந்த ஆண்டே போயிற்று. பாட்டி வீட்டிலோ விடுதியிலோ விட்டுச்செல்ல முடிந்தவர்கள் தப்புகிறார்கள். விடுதியில் இடம் கேட்க வேண்டிய நேரம் ஜூன். குடும்பம் கிளம்பும் தை மாதத்தில் கேட்டால் இடம் கிடைப்பது கடினம். பள்ளியும் பெற்றோரும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியது இதைத்தான்.

பெண் பிள்ளைகள்: தூரமும் நேரமும்

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுகளில் பெண்கள் ஆண்டுதோறும் முந்துகிறார்கள், இடைநிற்றலும் பையன்களைவிடக் குறைவு. அதனால் பெண் பிள்ளைகளின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன் திருமணம் ஆனவர்கள். எட்டுப் பேரில் ஒருவர்.

நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடியும். அடுத்த உயர்நிலைப்பள்ளி பக்கத்து ஊரில் இருக்கும். விதிப்படியே 5 கி.மீ.வரை இருக்கலாம். இலவசப் பயண அட்டை உண்டு, பேருந்து வர வேண்டுமே. பத்தாம் வகுப்புக்கு மாலை சிறப்பு வகுப்பு வைப்பார்கள். நல்ல நோக்கத்தில் வைப்பதுதான். வகுப்பு 6 மணிக்கு முடிந்து கடைசி டவுன் பஸ் 5.30க்குப் போய்விட்டால், அந்தப் பெண் இருட்டில் நடந்து வர வேண்டும். யாரோ ஒருவன் பின்னால் வந்தான் என்ற ஒரு பேச்சு போதும், வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அரசின் இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது. பேருந்து இல்லாத வழியில் நடக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அது இரண்டு ஆண்டுகள் தாமதம்.

நின்றுபோன பெண்ணுக்கு வரும் அடுத்த அழைப்பு நூற்பாலையிலிருந்து. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில், மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை என்ற சுமங்கலித் திட்டம் இந்தப் பெண்களைத்தான் தேடி வந்தது. அடுத்தது கல்யாணம். வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: முதலில் படிப்பு நிற்கிறது, அதன் பிறகு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படிப்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை 'படிக்கிறாள்' என்ற ஒரு சொல்லே அவளுக்குக் காவல்.

பள்ளியே விரட்டும்போது

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பிளஸ் டூ மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதற்கு முன்பே அவன் சில நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். காரணம் கேட்டபோதுதான் சாதியைச் சொல்லித் துன்புறுத்திய விவரம் வெளியே வந்தது. அதைச் சொன்னதற்காகவே தாக்குதல் நடந்தது. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. இடைநிற்றலைப் படிக்கிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சில நாட்களை. எந்தப் படிவத்திலும் 'சாதிக் கொடுமை' என்று ஒரு கட்டம் இல்லை. கேட்காமல் விட்டிருந்தால் அவனும் 'விருப்பமின்மை' என்றுதான் பதிவாகியிருப்பான்.

இருளர், காட்டுநாயக்கர், மலைக்குறவர் போன்ற சமூகப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் ஒரு தனி மதில். தொடக்கப்பள்ளியில் அது இல்லாமலும் ஓட்டிவிடலாம். உதவித்தொகை, மேற்படிப்பு என்று வரும்போது கேட்பார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தும் கிடைக்காமல், அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்துத் தம்பி பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறான்.

பள்ளிகளின் தேர்ச்சிப் போட்டியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் தலைமையாசிரியர் மேல் விழுகிறது. அதற்குக் குறுக்குவழி, தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதிலேயே நிறுத்துவது. அல்லது பெற்றோரை அழைத்து, 'டி.சி. வாங்கிக்கொண்டு வேறெங்காவது சேருங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்' என்று சொல்வது. தேர்ச்சி சதவீதத்தோடு, 'ஒன்பதில் சேர்ந்த எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்' என்ற எண்ணையும் பள்ளி வாரியாக வெளியிட்டால் இந்தப் பழக்கம் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வரும்.

உதவி எந்த வகுப்பில் சேர்கிறது?

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்புக்கு 1,500, பிளஸ் ஒன்னுக்கு 1,500, பிளஸ் டூவுக்கு 2,000 என்று 5,000 ரூபாய் ஊக்கத்தொகை 2011-12இல் தொடங்கியது. இடைநிற்றலைக் குறைப்பதே இதன் நோக்கம். பணம் கைக்கு வருவது பிளஸ் டூ முடித்த பிறகு. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் இரண்டும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு. நல்ல திட்டங்கள். வீட்டில் அடுத்த மூன்று ஆண்டுகளைத் திட்டமிட முடிகிற குடும்பத்தை இவை இழுத்துப் பிடிக்கும். அடுத்த வாரச் செலவுக்கே வழியில்லாத வீட்டுக்கு நான்கு ஆண்டு தள்ளிக் கிடைக்கும் பணம் பயன்படாது. 9, 10ஆம் வகுப்பில் வருகையைப் பொறுத்து மாதாமாதம் ஒரு தொகை தருவதும், மதிய உணவைப் பன்னிரண்டுவரை நீட்டுவதும், சைக்கிளை ஒன்பதுக்குக் கொண்டுவருவதும் ஓட்டை இருக்கும் இடத்தில் அடைப்பதாக இருக்கும்.

நிற்பதற்கு முன்னும் நின்ற பின்னும்: செய்ய வேண்டியவை

1. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஐந்து நாளுக்கு மேல் வராத ஒவ்வொருவருக்கும் தேதிகளைக் குறிக்க வேண்டும். திங்களா, முகூர்த்தமா, சந்தை நாளா, தேர்வு நாளா என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரியும்.

2. மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போன் போதாது, ஒருவர் நேரில் போக வேண்டும். வகுப்பாசிரியரால் முடியாதபோது பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்த உறுப்பினர் போகலாம். பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள குழு அது. கண்டிக்கப் போனதாக இருக்கக்கூடாது.

3. பெற்றோர் அவசரப்பட்டு டி.சி. வாங்கக்கூடாது. டி.சி. வாங்கியதும் எமிஸில் பிள்ளையின் பெயர் பள்ளியிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறொரு பள்ளி அதை எடுத்துக்கொள்ளும்வரை பிள்ளை எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லை. வாங்காதவரை திரும்பி வருவது எளிது.

4. திருமணப் பேச்சு, கொத்தடிமை, சூளை, ஆலை என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். சொல்கிறவர் பெயரைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. பள்ளிப் பக்கம் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களிடம் சொல்ல வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடுவது அவர்கள் பொறுப்பு.

5. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர் எல்லாப் பாடமும் மறுபடி எழுத வேண்டியதில்லை. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கும், அதில் தேறினால் அதே ஆண்டே பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் எதிலும் சேரலாம். விண்ணப்பிக்கும் காலம் சில நாட்கள்தான். முடிவு வந்த அன்றே வெட்கத்தில் வீட்டுக்குள் ஒடுங்கும் பிள்ளை இதைத் தவறவிடுகிறது. அந்த வாரத்தில் பள்ளி அழைத்துப் பேசியாக வேண்டும்.

6. ஒன்பதுக்கு முன்பே நின்றவருக்கும் வழி உண்டு. எட்டாம் வகுப்புத் தகுதியில் சேரக்கூடிய தொழிற்பிரிவுகள் ஐ.டி.ஐ.யில் இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள்களையும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளப்படும்.

7. நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத நினைப்பவர், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே நடந்து முடிந்துவிடும். அறிவியலில் எழுத்துத்தேர்வு 75க்கு 20, செய்முறை 25க்கு 15 என்று இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். செய்முறையை விட்டவருக்கு மற்ற நான்கு பாடங்களில் தேறினாலும் சான்றிதழ் முழுமையாகாது.

8. திரும்பி வரும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம்தான் கண்டம். 'வந்துட்டாரு துரை' என்ற ஒரு வார்த்தையில் மறுநாளே நின்றுவிடும். முதல் நாள் பாடம் எங்கே இருக்கிறது என்பதை உட்காரவைத்துச் சொல்லவும், விட்டுப்போன நோட்டைக் கொடுத்து உதவவும் ஒரு நண்பனை நியமிக்க வேண்டும். கணக்கில் மெய்யெண்களிலிருந்து தொடங்காமல் வகுத்தலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் மற்றவர்கள் முன் இல்லாமல், மதிய உணவுக்குப் பிறகு தனியாக.